எட்டாவது புள்ளி

நீடாமங்கலத்தில் ரயில்வே கேட் மூடினால்
சாலை முழுக்க என் கடை வாசலில் நிற்கும்.
சார்ஜர் வேண்டாதவனும் விலை கேட்பான்.
அப்படியொரு மூடலில் ஆட்டோவை விட்டு இறங்கி வந்தார்
பொதக்குடி ஜுலைகா பீவி.
கையில் பிளாஸ்டிக் கூடை,
கூடைக்குள் துண்டு சுற்றிய கமடோர் 64,
சிங்கப்பூர் சாமான், வறுத்த ரவை நிறம்.

"உள்ளே நூற்றுப்பதினெட்டு எழுத்து இருக்கு.
நான் போட்டது, எட்டுக்கு எட்டு கட்டத்தில்.
கூத்தாநல்லூர் ஜவுளிக்கடைக்கு ஓடுற பலகை எழுதித் தரணும்.
அதுவும் எட்டு வரிசை பல்புதான்.
இதிலிருந்து எடுத்து அதில் ஏற்று."

கேட் திறந்தது. போய்விட்டார்.

டெர்மினல் மென்பொருள் மூன்று கிடைத்தன.
ஒன்று எண்பது பத்தி காட்டியது,
எறும்பு ஊர்ந்த மாதிரி; வேகமாக வந்தால் எழுத்தை விழுங்கியது.
ஒன்றில் நிறம் அழகு. அழகு மட்டும்.
மூன்றாவது நாற்பது பத்தி, நீலத் திரை,
மெனுவில் ஆறே வரி.
அதன் முகத்தைப் பார்த்ததும் நம்பத் தோன்றியது,
ஏன் என்று கேட்காதீர்கள்.

முதல் இரவு நெறிமுறையே இல்லாமல்
சும்மா கொட்டிப் பிடித்தேன், ஏழு பிட்டில்.
எட்டாவது பிட் என்பது அவர் கட்டத்தில்
இடது ஓரப் புள்ளி.
ப-வுக்கு இடது சுவர் இடிந்திருந்தது.
ட வெறும் தரை.
போனில் படம் அனுப்பினேன்.
பதில் வந்தது:
"என் வீட்டில் யார் வெள்ளம் விட்டது?"

எட்டு பிட், பாரிட்டி வேண்டாம், நிறுத்தம் ஒன்று.
அப்புறம் நெறிமுறை.
இசட்மோடம் அறுந்த இடத்திலிருந்து தொடரும்,
கரண்ட் போகும் ஊருக்கு அதுதான் சரி என்பான் தம்பி ஆரோக்கியநாதன்.
தொள்ளாயிரத்து நாற்பத்து நாலு பைட்டுக்கு
எங்கே அறுவது?
ஒரு மரக்கால் நெல்லுக்கு யாராவது லாரி பிடிப்பார்களா?

எக்ஸ்மோடம் போதும். ஆனால் எந்த எக்ஸ்மோடம்?
பழையது கூட்டிப் பார்க்கும், அவ்வளவுதான்.
க் தலைமேல் இருக்கிற புள்ளி
நேர்கீழே ஒரு வரி இறங்கி உட்கார்ந்தாலும்
கூட்டுத்தொகை அதே,
கணக்கு சரி, ஆள் மாறிவிட்டான்.
சிஆர்சி உள்ளது, யார் எந்த வரியில் நிற்கிறார் என்றும் கேட்கும்.
அதை எடுத்தேன்.

ஒரு விஷயம் பிடித்திருந்தது.
எக்ஸ்மோடத்தில் வாங்குகிறவன்தான் முதலில் வாய் திறக்க வேண்டும்.
சி, சி, சி என்று
மூன்று நொடிக்கொருமுறை கேட்டுக்கொண்டே இருப்பான்,
அனுப்புகிறவன் அதுவரை அசைய மாட்டான்.
கடைமடை கேட்டதும் தலைப்பில் ஷட்டர் தூக்குகிறார்கள்,
கம்பிக்குள்ளாவது.

வெள்ளிக்கிழமை பிற்பகல் ஜுலைகா வந்தார்,
தொழுகை முடிந்த கூட்டத்தோடு கேட் மறுபடி மூடிய நேரம்.
மூன்று நாள் தேர்வு.
போய்ச் சேர ஒன்பது நொடி.
எட்டு துண்டு, எட்டுக்கும் சரி சரி.
சோதனைப் பலகையில் சிவப்பாக நடந்தன
அ ஆ இ ஈ, கால்கள், கொம்புகள், புள்ளி தலைமேல்,
ட-வுக்குச் சுவர் இருந்தது.
ன வந்தது. ன போனது.

அதற்குப் பின்னும் வந்தன.
தடித்த தூண், ஒரு சந்து, மெலிந்த தூண்.
தடித்த தூண், ஒரு சந்து, மெலிந்த தூண்.
பத்து.

"இது நான் போட்டதில்லையே."

துண்டு என்றால் நூற்று இருபத்தெட்டு நிறைய வேண்டும்,
நிறையாத கடைசித் துண்டை
எக்ஸ்மோடம் ஒரே குறியால் நிரப்பிவிடும்,
அந்தக் குறியைப் பல்பில் போட்டால் இப்படித் தெரிகிறது என்றேன்.

மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.
வெளியே சோழன் எக்ஸ்பிரஸ் மாதிரி எதுவோ கடந்தது,
பலகை அதிர்ந்து தூண்கள் இரண்டும் சற்றே ஆடின.

"கையெழுத்து சுமார்.
ஆனா வரி பிசகலை."

ஒன்பதை அழிக்கச் சொன்னார்.
பத்தாவதை எதற்கு வைத்திருக்கிறோம் என்று
நானும் கேட்கவில்லை.
இப்போது கூத்தாநல்லூரில்
பட்டுச் சேலை தள்ளுபடி இருபது சதம் என்று ஓடி முடிந்ததும்
அது ஒருமுறை வரும்.
சிலர் நின்று வாசிக்கப் பார்ப்பார்கள்.